பூச்சியம் சொன்ன பொய்

உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் எடுத்த பிள்ளைகளுக்குப் பைதன் சொல்லிக்கொடுக்கும்போது நான் தவறாமல் கொடுக்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டம், ஏழு நாட்களுக்கு, சென்ரிமீற்றரில்: 82, 85, 91, ஒரு சின்னக் கோடு, 104, 112, 118. எண்கள் என் கற்பனை. நான்காம் நாள் அளவு எடுக்கவில்லை என்பதைக் காட்டத்தான் அந்தக் கோடு. சராசரி 95ஐத் தாண்டினால் 'எச்சரிக்கை' என்று திரையில் வர வேண்டும். மார்கழியில் கல்லடிப் பாலத்தில் நின்று கலங்கல் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஒரு மாணவி செய்து கொண்டுவந்தாள். முதல் தடவை ஓட்டியபோது செய்நிரல் நான்காம் நாளில் நின்றுவிட்டதாம். நிற்கத்தான் செய்யும். கோட்டை எண்ணாக மாற்று என்று கேட்டால் பைதன் மாற்றாது; 'வேல்யூஎரர்' என்று சிவப்பில் எழுதிவிட்டு வேலையை விட்டுவிடும். சிவப்பைக் கண்டால் எந்தப் பிள்ளைக்கும் பயம். யாரோ ஓர் அண்ணா சொல்லிக்கொடுத்த வழியில், அந்த வரியை 'ட்ரை' என்பதற்குள் வைத்து, 'எக்செப்ட்' என்பதன் கீழே மட்டம் = 0 என்று எழுதியிருந்தாள்.

"இப்ப ஓடுது சேர்."

ஓடியது. சராசரி 84.6 என்று வந்தது. எச்சரிக்கை இல்லை.

அளவு எடுத்த ஆறு நாட்களைக் கூட்டினால் 592. ஆறால் வகுத்தால் 98.7, எச்சரிக்கை வந்திருக்க வேண்டும். அவளுடைய செய்நிரலோ இல்லாத நாளுக்குப் பூச்சியம் போட்டு ஏழால் வகுத்துவிட்டது. "நாலாம் நாள் வாவி வத்திப்போச்சா புள்ள?" என்று கேட்டேன். சிரித்தாள். ஏழு எண்ணும் கண்முன்னே இருக்கும்வரை சிரிக்கலாம். ஏழு வரிக்குப் பதில் ஏழாயிரம் வரி இருந்து, முடிவு மட்டும் ஓர் அதிகாரியின் மேசைக்குப் போனால் யாரும் சிரிக்கப்போவதில்லை. 84.6 பார்வைக்கு அத்தனை யோக்கியமான எண்.

வானிலைப் பதிவுகளில் இல்லாத அளவுக்கு -999 என்றோ -9999 என்றோ போடும் வழக்கம் உண்டு. அதைக் கவனிக்காமல் -999ஐச் சேர்த்துக் கூட்டியிருந்தால் சராசரி -58 என்று வந்திருக்கும். வாவி தரைக்குள் இறங்கிவிட்டது போன்ற ஒரு கணக்கு. பார்த்த உடனே எங்கோ கோளாறு என்று தெரிந்துவிடும். பூச்சியத்திடம் அந்த நேர்மைகூட இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. அளவு விடுபடும் நாள் பெரும்பாலும் ஏதோ ஒரு சும்மா நாள் அல்ல. வீதியை வெள்ளம் மூடிய நாள், மின்சாரம் போன நாள், அளவுகோலே மூழ்கிப்போன நாள், அன்றுதான் பதிவேட்டில் கோடு விழும். ஆக, மட்டம் உச்சத்தில் இருந்திருக்கக்கூடிய நாளாகப் பார்த்துத்தான் நாம் பூச்சியம் போடுகிறோம்.

நம் பாடப்புத்தகங்கள் செய்நிரலில் வரும் பிழைகளை மூன்றாகப் பிரிக்கும். எழுதிய வரியே பிழை என்றால் அது தொடரியல் வழு, ஓடவே தொடங்காது. ஓடிக்கொண்டிருக்கையில் நடுவழியில் முறிந்தால் இயங்குநேர வழு. பூச்சியத்தால் வகுக்கச் சொன்னால், இல்லாத கோப்பைத் திறக்கச் சொன்னால் வருவது. எல்லாம் ஓடி முடிந்து விடை மட்டும் பிழையாக வந்தால் தருக்க வழு. பிள்ளைகள் அஞ்சுவது இரண்டாவதுக்கு. அஞ்ச வேண்டியது மூன்றாவதுக்கு. என் மாணவி செய்தது என்ன? கையில் அகப்பட்ட ஓர் இயங்குநேர வழுவைத் தருக்க வழுவாக மாற்றி ஒளித்துவிட்டாள். கைதேர்ந்தவர்கள் இதையே தலைகீழாகச் செய்வார்கள். தருக்க வழுவாக ஒளியப் பார்க்கும் ஒன்றைக் கண்டதும், தாங்களே வேண்டுமென்று ஓர் இயங்குநேர வழுவை எழுப்பி, செய்நிரலை அந்த இடத்திலேயே நிறுத்துவார்கள்.

பைதனில் அதற்குரிய சொல் 'ரெய்ஸ்'. இரண்டு வரிதான்:

இஃப் மட்டம் > 500:
    ரெய்ஸ் வேல்யூஎரர்("நீர்மட்டம் நம்ப முடியாத அளவு")

ஆங்கிலச் சொற்களை நான் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஆனால் 'மட்டம்' என்ற மாறிப் பெயரைத் தமிழிலேயே எழுதினாலும் பைதன் 3 ஏற்றுக்கொள்ளும். 2008இல் வெளிவந்த நாளிலிருந்தே அந்த வசதி இருக்கிறது, பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

இந்த இரண்டு வரியின் அருமை எங்கே என்றால், பைதன் தானாக ஒருபோதும் இப்படி நிற்காது. கோட்டைக் கண்டு நிற்கும், ஏனென்றால் கோடு எண் அல்ல. 62.0 என்று எழுத வேண்டிய இடத்தில் புள்ளி விடுபட்டு 620 என்று விழுந்தால்? பைதனுக்கு 620 ஒரு குறையும் இல்லாத நல்ல எண். கூட்டும், வகுக்கும், அடுத்த வேலைக்குப் போய்விடும். பயிற்சியில் நான் வைத்த எல்லை ஐந்து மீற்றர்; அதற்கு மேல் வந்தால் பிழை என்பது வாவியைத் தெரிந்த ஒருவர் சொல்லித்தான் செய்நிரலுக்குத் தெரியும். கணினிக்கு அர்த்தமே ஆகாதவற்றைக் கணினி நிறுத்திக்கொள்ளும். கணினிக்கு அர்த்தமாகி நமக்கு அர்த்தமாகாதவற்றை நாம்தான் நிறுத்த வேண்டும்.

'வழு' என்ற சொல் கணினிக்காரர் கண்டுபிடித்ததல்ல. இலக்கணக்காரரிடமிருந்து வந்தது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வழுக்களைச் சொல்கிறது நமது இலக்கணம். சொல்லிவிட்டு 'வழுவமைதி' என்று ஒன்றையும் வைத்திருக்கிறது. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்று ஒருவர் சொன்னால் அது திணை வழு. ஆனால் உவப்பினால் சொன்னார் என்று காரணம் காட்டி அதை அமைத்துக்கொள்வார்கள். பைதனின் 'எக்செப்ட்' செய்ய வேண்டிய வேலை இதுவேதான். வந்தது இன்ன வழு, இன்ன காரணத்தால் இதை ஏற்கிறேன், இதற்குப் பதில் இதைச் செய்கிறேன் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். எந்த வழு வந்தாலும் விழுங்கிவிடு என்று பொருள்படும் 'எக்செப்ட்: பாஸ்' என்ற இரண்டு சொல் வழுவமைதி ஆகாது. அது சோம்பல்.

வழுவை வேண்டுமென்றே எழுப்பும் வசதி நேற்று வந்ததல்ல. 1960களின் நடுவில் ஐபிஎம் உருவாக்கிய பிஎல்/1 மொழியிலேயே 'சிக்னல்' என்ற கட்டளை இருந்தது. 1975இல் ஜோன் குடினஃப் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த எண்ணத்துக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தது. அதே பத்தாண்டில் பார்பரா லிஸ்கோவின் குழு எம்ஐடியில் சிஎல்யு மொழிக்குள் இதைக் கொண்டுவந்தது. ஏடா மொழி 'ரெய்ஸ்' என்றது. சி++ மொழியைச் செய்த ஸ்ட்ரூஸ்ட்ரப்புக்கும் 'ரெய்ஸ்', 'சிக்னல்' என்ற சொற்களே இயல்பாகப் பட்டன. ஆனால் அவை இரண்டும் சி மொழி நூலகத்தில் ஏற்கெனவே வேறு வேலையில் இருந்ததால் 'த்ரோ' என்று வைத்தார். ஜாவாவும் அதையே எடுத்துக்கொண்டது. பைதன்காரர் வழுவை எழுப்புகிறார், ஜாவாக்காரர் வழுவை எறிகிறார் என்றால் அதற்குப் பின்னால் தத்துவம் ஒன்றுமில்லை.

படுவான்கரைக்குப் போனால் இந்த யோசனையை மண்ணிலும் கல்லிலும் பார்க்கலாம். குளக்கட்டின் ஒரு பகுதியை மட்டும் மற்ற இடங்களைவிடப் பதிவாக, அரிக்காதபடி பலமாகக் கட்டியிருப்பார்கள். தமிழ்நாட்டில் அது கலிங்கு. நமக்கு வான். குளம் கொள்ளளவைத் தாண்டினால் தண்ணீர் எங்காவது ஓரிடத்தால் வெளியேறத்தான் போகிறது. எந்த இடத்தால் என்பதைக் கட்டும்போதே தீர்மானித்துவிடுவதுதான் வான். உன்னிச்சைக் குளத்துக்கு வான்கதவுகள் உண்டு. மழை கூடினால் கதவுகளைத் திறக்கப்போகிறார்கள், தாழ்நிலத்தில் இருப்போர் கவனம் என்ற அறிவித்தல் மாரி காலத்தில் நாம் கேட்டுப் பழகியது. வான் பாய்கிற குளத்தைப் பார்த்து யாரும் குளம் உடைந்துவிட்டது என்று அழுவதில்லை. வான் இல்லாத குளத்தைத்தான் நம்பக் கூடாது. செய்நிரலில் 'ரெய்ஸ்' எழுதுகிறவர் தன் கட்டில் ஒரு வான் வைக்கிறார்.

உவமை அதோடு முடியவில்லை. வானுக்குக் கீழே அந்தத் தண்ணீர் போக வழி இருக்க வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

வேகத்துக்காகச் சோதனைகளைக் கைவிடாதே என்று கணினி உலகத்துக்கு அழுத்திச் சொன்னவர்களில் முக்கியமானவர் இலங்கையில் பிறந்தவர். 1934 ஜனவரி 11ஆம் திகதி கொழும்பில் பிறந்த டொனி ஹோர். எண்களை வரிசைப்படுத்தும் 'குவிக்சோர்ட்' முறையைக் கண்டுபிடித்தவர் என்று நம் மாணவர்களுக்கு அவரைத் தெரியும். 1960இல் இங்கிலாந்தின் எலியட் பிரதர்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, எலியட் 803 கணினிக்கு அல்கோல் 60 மொழியின் தொகுப்பானைச் செய்யும் வேலையை முன்னின்று நடத்தினார். பத்து இடங்கள் உள்ள ஓர் அணியில் பதினோராவது இடத்தைக் கேட்டால் என்ன ஆகும்? பல மொழிகளில் பக்கத்து நினைவகத்தில் கிடக்கும் ஏதோ ஒரு எண் வந்து சேரும். கேட்டவர் அதைத் தன் எண் என்று நம்பி நடப்பார். ஹோரின் தொகுப்பான் அதை விடவில்லை. அணியின் எந்த இடத்தைத் தொட்டாலும், தொடும் ஒவ்வொரு தடவையும், கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் சரிபார்த்துவிட்டே உள்ளே விட்டது. இதனால் வேகம் குறையும், நினைவகமும் செலவாகும். அந்தக் காலக் கணினியில் இரண்டுமே பொன்.

பல ஆண்டுகள் கழித்து வாடிக்கையாளர்களிடம் கேட்டார்கள்: உண்மை வேலைக்கு ஓட்டும்போது இந்தச் சோதனையை நிறுத்தி வைக்க ஒரு வசதி செய்து தரட்டுமா? ஒருவர் விடாமல் வேண்டாம் என்றார்கள். உண்மை வேலையில்தான் இந்தத் தவறு எத்தனை தடவை வருகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1980இல் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் ஹோர் இதைச் சொல்லி, இருபது ஆண்டு கழிந்தும் மொழி வடிவமைப்பாளர்கள் இந்தப் பாடத்தைக் கற்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். அதற்கு முன் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அவர் சொன்ன உவமை வாவிக்கரைக்கு என்றே செய்தது போலிருக்கும். ஒத்திகை பார்க்கும்போது சோதனைகளை வைத்துவிட்டு உண்மை ஓட்டத்தில் எடுத்துவிடுகிறவர், தரையில் பழகும்போது உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போகும்போது கழற்றி வைக்கிறவருக்குச் சமம் என்றார்.

பைதன் எழுதுகிறவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நிபந்தனை பொய்த்தால் நிறுத்துவதற்கு 'அசர்ட்' என்று ஒன்றும் இருக்கிறது. 'ரெய்ஸ்'ஐவிடச் சுருக்கம், அதனால் பலருக்கும் பிடிக்கும். ஆனால் பைதனை 'மைனஸ் ஓ' என்ற தெரிவோடு ஓட்டினால் எல்லா 'அசர்ட்' வரிகளும் சத்தமில்லாமல் நீக்கப்பட்டுவிடும். கழற்றக்கூடிய அங்கி அது. வெளியிலிருந்து வரும் தரவைச் சோதிக்க 'அசர்ட்' போதாது; 'ரெய்ஸ்' வேண்டும்.

இதே ஹோர்தான் 1965இல் அல்கோல் டபிள்யூ மொழியில் 'நல்' என்ற வெற்றுக் குறியையும் புகுத்தியவர். ஒரு பொருளைச் சுட்ட வேண்டிய எந்த இடத்திலும் 'ஒன்றுமில்லை' என்று வைக்கலாம். செய்வது சுலபமாக இருந்தது, செய்துவிட்டேன் என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2009இல் லண்டனில் நடந்த மாநாடு ஒன்றில் அதைத் தன் நூறு கோடி டொலர் தவறு என்று தானே பெயர் சூட்டினார். இல்லாத ஒன்றுக்கு எதை எழுதுவது என்ற கேள்வி, பதிவேட்டில் அந்தச் சின்னக் கோட்டைப் போட்டவருக்கும் அவருக்கும் ஒன்றுதான்.

இனி வானுக்குக் கீழே இருக்க வேண்டிய வாய்க்காலுக்கு வருவோம். எழுப்பிய வழு எங்கே போகிறது?

இரவில் குளக்கட்டில் காவலுக்கு நிற்கும் ஒருவர் ஓரிடத்தில் கசிவைக் காண்கிறார் என்று வையுங்கள். கதவைத் திறக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. வட்டவிதானையிடம் ஓடிச் சொல்கிறார். அவராலும் முடியாவிட்டால் நீர்ப்பாசனப் பொறியியலாளருக்குப் போகும். செய்தி மேலே ஏறுகிறது; தீர்மானம் எடுக்கக்கூடிய ஆளைக் கண்டதும் நிற்கிறது. செய்நிரலிலும் அப்படியே. ஒரு சிறிய சார்பு வழுவை எழுப்பினால், தன்னை அழைத்த சார்பிடம் அது ஏறும். அங்கே அதைப் பிடிக்க 'எக்செப்ட்' இல்லையென்றால் அந்தச் சார்பும் பாதியில் கைவிடப்பட்டு, அதற்கு மேலுள்ளதிடம் ஏறும். யாருமே பிடிக்கவில்லை என்றால் உச்சியை அடைந்து செய்நிரல் நிற்கும். ஏறி வந்த பாதை முழுவதும் திரையில் அச்சாகும். பிள்ளைகள் அஞ்சும் அந்தச் சிவப்புப் பந்தி உண்மையில் இந்தப் பாதையின் வரைபடம். கடைசி வரியில் என்ன வழு என்று இருக்கும். அதற்குச் சற்று மேலே எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்று இருக்கும். கீழிருந்து மேலே வாசிக்கப் பழகினால் பயம் பாதி போய்விடும்.

கண்டவர் எழுப்ப வேண்டும், தீர்க்கக்கூடியவர் பிடிக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதி தவறிப்போனதற்கு உலகறிந்த உதாரணம் ஏரியன் 5. 1996 ஜூன் 4ஆம் திகதி, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து அதன் முதல் பயணம். ரொக்கெட்டின் நிலையைக் கணக்கிடும் கருவிக்குள் இருந்த செய்நிரல் ஏரியன் 4இலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புள்ள ஓர் எண்ணை 64 பிட்டிலிருந்து 16 பிட்டுக்குள் அடக்கும் வரி ஒன்று அதில் இருந்தது. நேர், எதிர் இரண்டு குறிக்கும் இடம் வைத்தால் 16 பிட்டுக்குள் அடங்கும் ஆகப் பெரிய எண் 32,767. புதிய ரொக்கெட்டின் பாதை வேறு, வேகம் அதிகம். எண் அதைத் தாண்டியது. ஏடா மொழி தன் கடமையைச் செய்து வழுவை எழுப்பியது. பிடிப்பார் இல்லை. அப்படி ஆபத்தான ஏழு மாறிகளில் நான்குக்குத்தான் காப்பு எழுதியிருந்தார்கள். செயலியின் சுமையைக் குறைக்க மூன்றை விட்டுவிட்டார்கள். இது அந்த மூன்றில் ஒன்று.

வழு வந்தால் கருவி தன்னை நிறுத்திக்கொள்ளட்டும், பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதுதானே என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். பக்கத்தில் இருந்ததும் அதே செய்நிரல். அதுவும் அதே வழுவில் ஒரு கணம் முன்னரே நின்றுவிட்டிருந்தது. நின்ற கருவி அனுப்பிய கோளாறுக் குறிப்பைப் பிரதான கணினி பறப்புத் தரவு என்று வாசித்து ரொக்கெட்டைத் திருப்ப, புறப்பட்டு ஏறக்குறைய 40 வினாடியில் ரொக்கெட் சிதறியது. கொடுமை என்னவென்றால், வழு வந்த அந்தக் கணக்கு ரொக்கெட் தரையை விட்டபின் யாருக்கும் தேவையில்லாத ஒன்று. 'பார்த்தீர்களா, வழுவை எழுப்பியதால்தான் வெடித்தது' என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வான் வேலை செய்தது. வானுக்குக் கீழே வாய்க்கால் வெட்டவில்லை. சராசரி போடும் செய்நிரல் நின்றால் ஒருவர் எழுந்து போய்ப் பதிவேட்டைப் பார்ப்பார். பறந்துகொண்டிருப்பது நிற்க முடியாது. அதற்கு 'நின்றால் அடுத்து என்ன' என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வழுவே எழும்பாமல் போனதற்கும் உதாரணம் உண்டு. 1999 செப்டெம்பர் 23ஆம் திகதி நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஓபிற்றர் செவ்வாயை அடைந்த அன்றே தொலைந்தது. தரையிலிருந்த ஒரு செய்நிரல் உந்துதலைப் பவுண்டு அலகில் கொடுத்தது; வாங்கிய செய்நிரல் அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. இரண்டும் நல்ல எண்கள். எந்தக் கணினியும் முணுமுணுக்கவில்லை.

கணினிக்குள்ளேயே இப்படி முணுமுணுக்காத ஓர் எண் இருக்கிறது. 1985இல் வந்த ஐஈஈஈ 754 என்ற நியமம், விடை காண முடியாத கணக்குகளுக்கு 'நான்' என்று ஒரு பெறுமானத்தை வைத்தது. ஆங்கிலத்தில் 'எண் அல்ல' என்பதன் சுருக்கம். அதை எதோடு கூட்டினாலும் 'நான்'தான் வரும். அந்த அளவில் நேர்மையானது. ஆனால் 'நான்' 95ஐவிடப் பெரிதா என்று கேட்டால் இல்லை என்று பதில் வரும். சிறிதா என்றாலும் இல்லை. தனக்குத் தானே சமமா என்றாலும் இல்லை. ஆகவே 'மட்டம் 95ஐத் தாண்டினால் எச்சரி' என்று எழுதிய செய்நிரலுக்குள் ஒரு 'நான்' புகுந்தால், எச்சரிக்கை ஒருநாளும் வராது. உணரி கழன்று விழுந்திருக்கும். திரையில் எல்லாம் அமைதியாக இருக்கும். ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு வரி, வந்தது 'நான்' என்றால் ரெய்ஸ் என்று எழுதாதவர் வெள்ள எச்சரிக்கைச் செய்நிரலைத் தொடக் கூடாது.

எழுப்பினால் மட்டும் போதாது, புரியும்படி எழுப்ப வேண்டும். 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிக் கதிரைப் பாய்ச்சியது; அவர்களில் சிலர் இறந்தார்கள். 1986இல் டெக்சாசில் நடந்த விபத்துகளில் இயந்திரம் திரையில் ஒன்றைச் சொல்லத்தான் செய்தது: 'மல்ஃபங்ஷன் 54'. அதன் அர்த்தம் இயக்குகிறவருக்குத் தெரியாது. பொருளற்ற செய்திகள் அடிக்கடி வந்து பழகிப்போன கை, தொடர்வதற்கான 'பீ' விசையை அழுத்தியது. இலக்கம் சொல்லும் வழு பாதி ஊமை. எந்த அளவுகோல், எந்த நாள், எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன என்ற நான்கும் செய்தியில் இருக்க வேண்டும். அதைத் தமிழில் எழுதினால் பைதனுக்கு ஆட்சேபம் இல்லை. செய்நிரலைப் பயன்படுத்தப்போவது தமிழில் பதிவேடு எழுதுகிற ஒருவர் என்றால் தமிழில் எழுதுவதே முறை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். எதற்கெடுத்தாலும் வழு எழுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். மாரியில் வாவி நிறைந்து வயல்கள் மூழ்கத் தொடங்கினால் முகத்துவாரத்தில் மணல் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவோம். ஆற்றுவாய் வெட்டுவது என்று சொல்வோம். வேண்டுமென்றே ஓர் உடைப்பை ஏற்படுத்துவதுதான் அதுவும். ஆனால் ஒரு தூறலுக்கெல்லாம் யாரும் வெட்டுவதில்லை. வெட்டினால் வாவி இறங்கும், கடல்நீர் உள்ளே வரும். வயல்காரருக்கு நல்லது திரளிக்கும் இறாலுக்கும் வலை போடுகிறவருக்கு நல்லதாக இருக்க வேண்டியதில்லை. எப்போது என்பதில் இரு தரப்பும் பேசித்தான் ஆக வேண்டும். கடவுச்சொல்லைத் தவறாகத் தட்டுவது, தேடிய பெயர் பட்டியலில் இல்லாமல் போவது எல்லாம் தினமும் நடப்பவை. அவற்றுக்குச் சாதாரணமாக ஒரு பதில் சொல்லிவிட்டுப் போகலாம். நடக்கக் கூடாதது நடந்தால்தான் 'ரெய்ஸ்'. எது நடக்கக் கூடாதது என்பதை மொழி சொல்லாது. வேலையைத் தெரிந்தவர்தான் சொல்வார்.

வைத்த வான் பாயுமா என்று எப்படித் தெரியும்? வீட்டு ட்ரிப் சுவிட்சில் 'டீ' என்று எழுதிய ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே வேண்டுமென்றே சிறிதளவு மின்கசிவை உண்டாக்கும். சுவிட்ச் விழ வேண்டும். விழாவிட்டால் சுவிட்ச் பழுது. செய்நிரலுக்கும் இந்தப் பொத்தான் உண்டு. சோதனை எழுதும்போது நல்ல தரவைக் கொடுத்து நல்ல விடை வருகிறதா என்று பார்ப்பது பாதி வேலை. கோட்டைக் கொடு, 620ஐக் கொடு, 'நான்' கொடு. வழு எழும்பினால் சோதனை வெற்றி, எழும்பாவிட்டால் தோல்வி. பைதனின் சோதனைக் கருவிகளில் இதற்கென்றே 'அசர்ட்ரெய்சஸ்' இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் இதை இன்னும் தூரம் கொண்டுபோய், ஓடிக்கொண்டிருக்கும் தன் சொந்த வழங்கிகளைக் கண்டபடி நிறுத்திவிடும் 'கேயாஸ் மங்கி' என்ற செய்நிரலை எழுதியது. 2012இல் அதன் மூலநிரலையும் எல்லோருக்கும் வெளியிட்டது. அந்தக் குரங்கு வேலை நேரத்தில்தான் குறும்பு செய்யும். பொறியியலாளர்கள் விழித்திருக்கும்போது உடைந்தால் திருத்தலாம் என்ற கணக்கு.

மாணவியின் செய்நிரலை இருவருமாகத் திருத்தினோம். கோடு வந்தால் இப்போது அது நிற்கிறது. "4ஆம் நாள்: அளவு இல்லை ('-'). ஆறு நாள் சராசரி வேண்டுமா, பதிவேட்டைப் பார்க்கப்போகிறீர்களா?" என்று கேட்கிறது. முன்பைவிடப் பதினொரு வரி கூடுதல். ஓடி முடிவதும் தாமதம், ஏனென்றால் ஒரு மனிதர் பதில் சொல்லும்வரை அது காத்திருக்கிறது.

இந்தப் பாடத்தைக் கற்பிக்கிற மற்ற ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். விடைத்தாளில் செய்நிரல் வழு காட்டி நின்றது என்பதற்காகப் புள்ளியை வெட்டாதீர்கள். எந்த வரியில், என்ன சொல்லி நின்றது என்று பாருங்கள். 'எக்செப்ட்' என்பதன் கீழே பூச்சியம் போட்டிருந்தால் அங்கே வெட்டுங்கள்.